ஜூடி ஃபோர்க்குக்கு எஃகு ஸ்பிரிங் கிட்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட் நல்ல கிட். உள்ளே இருக்கும் பழைய ரப்பர் கட்டைகளுக்குப் பதிலாக எஃகுச் சுருள் வைப்பது, கொடுத்த காசுக்குக் குறையில்லாத பொருள். ஆனால் இதை மட்டும் வாங்கி மாட்டினால் பழைய ஜூடி, அதாவது ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் அந்தக் கால மவுண்டன் பைக் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க், எழுந்து உட்கார்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்து வாங்கினேன், முதல் இரண்டு வாரம் ஃபோர்க்கை ஒழுங்காக ஓட்டவே முடியவில்லை. அதற்குக் காரணம் கிட் அல்ல, உள்ளே ஏற்கனவே செத்துப்போயிருந்த வேறொரு பாகம். அதைப் பற்றி விற்பவரின் குறிப்புத் தாளில் ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் நடுவில் வந்த ராக்‌ஷாக்ஸ் ஜூடி எஸ்எல், அந்த அடர்ந்த மஞ்சள் நிறக் கால்களோடு. மாட்டியிருப்பது அதே காலத்து ஜிடி ஜாஸ்கர் ஃபிரேமில், பெயின்ட் இல்லாமல் அலுமினியத்தை அப்படியே பளபளவென்று விட்டிருப்பார்களே, அது. இரண்டையும் தனித்தனியாக வாங்கினேன். நான் டென்வருக்குப் பக்கத்தில் லேக்வுட்டில் இருக்கிறேன், இங்கே பழைய மவுண்டன் பைக் சாமான்கள் கராஜ் விற்பனையில் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஃபோர்க்கை விற்றவர் "முழு சர்வீஸ் செய்தது, மாட்டி ஓட்ட வேண்டியதுதான்" என்று சொன்னார். வெளியே பார்த்தால் உண்மைதான், துடைத்து மினுக்கி வைத்திருந்தார். ஹேண்டிலைப் பிடித்து அழுத்தினேன், ஒரு விரற்கடை இறங்கியது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. அப்போதே கேட்டிருக்க வேண்டும். மஞ்சளைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

கொலராடோவில் குடியிருந்துகொண்டு இந்த ஃபோர்க்குகள் மேல் பாசம் வராமல் இருப்பது கஷ்டம். ராக்‌ஷாக்ஸை 1989-இல் தொடங்கிய பால் டர்னரும் ஸ்டீவ் சைமன்ஸும் மோட்டோகிராஸ் உலகத்திலிருந்து வந்தவர்கள். மோட்டார்சைக்கிளில் பழகிய சஸ்பென்ஷனைச் சைக்கிளுக்குள் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே, 1990-இல், இதே மாநிலத்தில் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அவர்களுடைய ஆர்எஸ்-1 ஃபோர்க்கோடு டவுன்ஹில் பட்டத்தை வென்றார். அந்த ஃபோர்க் மொத்தமாக இறங்குவது ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தப் பக்கம் மானிட்டோ ஸ்பிரிங்ஸில் டக் பிராட்பரி ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகளை வைத்துத் தன் மானிட்டோ ஃபோர்க்குகளைச் செய்துகொண்டிருந்தார். ராக்‌ஷாக்ஸின் காற்றும் எண்ணெயும் வைத்த மேக் 20, மேக் 21 எல்லாம் வந்து ஓடிய பிறகு 1995-இல் ஜூடி வந்தது. அதில் ராக்‌ஷாக்ஸ் செய்த வேலைதான் இன்றைக்கு நமக்கு வந்திருக்கும் தலைவலி: ஸ்பிரிங்குக்கு இரண்டு காலிலும் எலாஸ்டோமர், டேம்பிங்குக்கு, அதாவது துள்ளலை அடக்குவதற்கு, இடது காலில் தனியாக மூடிய ஒரு ஹைட்ராலிக் கார்ட்ரிட்ஜ். இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் ஆயுசு உண்டு.

சரி, பிரித்த கதைக்கு வருகிறேன். மேல் மூடியைக் கழற்றி ஸ்பிரிங் அடுக்கை இழுத்தேன், பாதிதான் வந்தது. நடுவில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் கம்பியில் மேலே இரண்டு கட்டைகள் மட்டும் கட்டையாகவே இருந்தன, கீழே இருந்தவை பாகு காய்ச்சிப் பாதியில் விட்டது மாதிரி உருகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கையில் பட்டால் சோப்புக்கும் போகவில்லை. வலது காலில் வேறு விதம், அங்கே உருகவில்லை, வறண்டு உதிர்ந்துவிட்டது, பழைய ஸ்பாஞ்ச் மாதிரி. ஒரே ஃபோர்க்கில் ஒரு கால் பாகு, ஒரு கால் தூள். குழாயைச் சுத்தம் செய்ய மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரு நீளக் குச்சியில் துணியைச் சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, திருகித் திருகி எடுக்க வேண்டும். அசிட்டோனைத் தொடாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கின்றன, வெளியே பெயின்ட் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டவும் கூடாது, குழாயின் உட்புறம் கீறினால் புது ஸ்பிரிங் அதில் உரசிச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இது விற்றவர் செய்த கெடுதல் இல்லை, அந்தப் பொருளின் குணமே அது. எம்சியு என்று ராக்‌ஷாக்ஸ் சொன்ன அந்தக் கட்டைகள் நுண்துளைகள் உள்ள பாலியூரிதேன். இந்த வகை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடையும், ஓட்டினாலும் உடையும், பெட்டிக்குள் வைத்திருந்தாலும் உடையும். அதனால்தான் "பிரிக்காத பழைய ஸ்டாக் எலாஸ்டோமர்" என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம் என்கிறேன். பிரிக்காத பாக்கெட்டுக்குள்ளும் அதே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். இன்னொரு குறை, புதிதாக இருந்த காலத்திலேயே இருந்தது: குளிர் பட்டால் எலாஸ்டோமர் இறுகிவிடும். இங்கே அக்டோபர் கடைசியில் காலையில் பூஜ்யம் டிகிரியில் கிளம்பினால் அந்தக் கால ஃபோர்க்குகள் கிட்டத்தட்ட அசையாத இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிடும் என்று அப்போது ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எஃகு ஸ்பிரிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ராக்‌ஷாக்ஸே தொண்ணூறுகளின் கடைசியில் ஜூடியில் எலாஸ்டோமரோடு எஃகுச் சுருளையும் சேர்க்க ஆரம்பித்தது.

இப்போது கிட். பழைய ஃபோர்க்குகளுக்கு மட்டும் பாகம் விற்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து வரவழைத்தேன், அறுபது டாலருக்குள். தபால் செலவு தனி. ஒரு காலுக்கு ஒன்றாக இரண்டு நீளச் சுருள் ஸ்பிரிங், அதன் மேலும் கீழும் உட்கார டெல்ரின் பிளாஸ்டிக்கில் கடைந்த மூடிகள், கடைசி ஒரு சென்டிமீட்டரில் அடி தட்டாமல் இருக்கச் சின்னதாக ஒரு புது எலாஸ்டோமர் தடுப்பு, ஸ்பிரிங் குழாயில் உரசாமல் இருக்க மேலே போர்த்தும் சுருங்கு உறை. ஓட்டுபவரின் எடையைக் கேட்டுத்தான் அனுப்புகிறார்கள், மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. நான் 74 கிலோ, நடுத்தரம் வந்தது. டெல்ரின் மூடிகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே செய்தவருக்கு இந்த ஃபோர்க்கைத் தெரியும் என்று புரிந்தது. விளிம்பை இலேசாகச் சரித்துக் கடைந்திருக்கிறார், மேல் மூடியின் திருகு அதில் பிசகாமல் உட்காருகிறது. ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும் தட்டையாகத் தேய்த்திருக்கிறார். மட்டமான கிட்டில் முனையை வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தும், ஏறி இறங்கும்போது குழாய்க்குள் வளைந்து தட்டும்.

எடை கூடும், அதை ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், பழைய அடுக்கைவிட இரண்டு காலுக்கும் சேர்த்து 170 கிராம் அதிகம். எஸ்எல் என்ற பெயரே எடை குறைவுக்காக வைத்ததுதான், அதனால் முதலில் கொஞ்சம் உறுத்தியது. ஒரு தண்ணீர் பாட்டிலில் கால் பங்குகூட இல்லை என்று கணக்குப் போட்டதும் விட்டுவிட்டேன்.

மாட்டுவது கஷ்டமில்லை. மேல் மூடியைத் திறந்து உள்ளே இறக்கி மூடுவதுதான், ஃபோர்க்கை வண்டியிலிருந்து கழற்றக்கூட வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. என் ஃபோர்க்கில் மேல் மூடி பிளாஸ்டிக், இழை ஏற்கனவே தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டிருக்கும்போது மூடியை அமுக்கி முதல் இழையைப் பிடிக்க வைக்க வேண்டும், அந்த நேரத்தில் கோணல் ஏறினால் அதோடு போச்சு. முதலில் இடது பக்கமாகத் திருப்புங்கள், இழை 'டக்' என்று விழுவது கையில் தெரியும், அதற்குப் பிறகு வலது பக்கம். எனக்கு வலது கால் மூடி நாலாவது முறைதான் பிடித்தது, அப்புறம் பயந்துபோய் அலுமினியத்தில் கடைந்த மூடி ஜோடி ஒன்றைத் தேடி வாங்கினேன். இந்தக் கிட்டோடு அதையும் சேர்த்து விற்றால் நன்றாக இருக்கும், கூட இருபது முப்பது டாலர் கொடுத்தும் வாங்குவார்கள்.

மாட்டினேன், உட்கார்ந்து பார்த்தேன், காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன், 12 மில்லிமீட்டர். அறுபது சொச்சம் மில்லிமீட்டர் ஓட்டமுள்ள (மொத்தமாக அவ்வளவு இறங்கும்) ஃபோர்க்குக்கு அது சரியான அளவு. வீட்டு வாசலில் நடைபாதை விளிம்பில் இறக்கினேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. அன்று மாலையே கிரீன் மவுண்டனுக்குக் கொண்டுபோனேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில், முதல் கல் வரிசையில், முன்சக்கரம் துள்ள ஆரம்பித்தது. ஒரு கல்லில் இறங்கி எழுந்த ஃபோர்க் அத்தோடு நிற்காமல் மேலே முட்டியது. அது கீழே வருவதற்குள் அடுத்த கல், அது இன்னும் பலமாக எழுப்பிவிட்டது. மூன்றாவது கல்லில் முன்சக்கரம் தரையிலேயே இல்லை. வளைவில் பிரேக் பிடித்தால் தலை குனிந்து பிறகு சட்டென்று நிமிரும், டயருக்குப் பிடி கிடைக்கிற நேரத்தில் டயர் மேலே தூக்கப்பட்டிருக்கும். இரண்டு இடத்தில் பாதையை விட்டு வெளியே போனேன். பாகாகிப்போன எலாஸ்டோமரோடு ஓட்டியபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. ஸ்பிரிங் கடினம் போதவில்லையோ என்று கிட் விற்றவருக்கு எழுதினேன், கடினமான ஜோடியை அனுப்புகிறேன் என்று மறுநாளே நல்லபடியாகப் பதில் போட்டார். வந்தது, மாட்டினேன், இன்னும் மோசம். அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இந்த விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எலாஸ்டோமர் வெறும் ஸ்பிரிங் இல்லை. அதை அமுக்கும்போது நாம் கொடுக்கும் சக்தி முழுவதையும் அது திருப்பித் தராது, ஒரு பங்கைத் தனக்குள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடும். அதாவது அதுவே அரைகுறையாக ஒரு டேம்பர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. எஃகுச் சுருள் அப்படியில்லை, வாங்கியதை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், அதுதான் நல்ல ஸ்பிரிங்குக்கு இலக்கணமும்கூட. ஆக, இடது காலில் இருக்கும் ஹைட்ராலிக் கார்ட்ரிட்ஜ் செத்துப்போயிருந்தாலும் எலாஸ்டோமர் இருக்கும்வரை அது வெளியே தெரியாது, மந்தமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். எலாஸ்டோமரை எடுத்து எஃகை வைத்த நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்கினால் திரும்பி அடிக்கும் வேகம் இன்னும் கூடும், அதனால்தான் இரண்டாவது ஜோடி முதலாவதைவிட மோசமாக இருந்தது. ஸ்பிரிங் விற்பவர் இதை ஒரு வரியில் எழுதிவைக்கலாம்: கார்ட்ரிட்ஜ் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள் என்று. எழுதவில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் அரை நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

நீங்கள் முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் நாலைந்து சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, பிறகு முழுவதும் கழற்றினால் கீழ்க்கால்கள் இரண்டும் வெளியே வந்துவிடும். இடது குழாயின் அடியில் நீட்டிக்கொண்டிருப்பது கார்ட்ரிட்ஜின் தண்டு, வலதில் இருப்பது வெறும் தண்டு. இடது தண்டைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். எண்ணெயைக் கிழித்துக்கொண்டு போவது மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே சீராக எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. முழுக்கவே லேசாகப் போனால் எண்ணெயே இல்லை. என்னுடையது முழுக்கவே லேசு. கீழ்க்காலைக் கவிழ்த்தேன், கறுப்பாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கொட்டியது. கார்ட்ரிட்ஜ்க்குள் இருக்க வேண்டியது அத்தனையும் அங்கேதான் இருந்தது.

ஊரில் அப்பாவின் ஆர்எக்ஸ் 100-இல் ஃபோர்க் ஒழுகினால் சீலை மாற்றி எண்ணெயை ஊற்றி அரை நாளில் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அதில் கால் முழுவதும் எண்ணெய், டேம்பிங்கும் அதிலேயே, உராய்வுக்கும் அதுவே. ஜூடியில் அப்படி ஊற்ற முடியாது. கீழ்க்கால்களில் எண்ணெயே கிடையாது, குழாய்கள் வழுக்கி ஓடும் புஷ்களுக்கு வெறும் கிரீஸ்தான், எண்ணெய் எல்லாம் அந்தச் சின்னக் கார்ட்ரிட்ஜ்க்குள் மட்டும். அந்தக் கார்ட்ரிட்ஜின் உடலும் ஆரம்ப கால ஜூடிகளில் பிளாஸ்டிக், அது ஒழுகுவது அந்தக் காலத்திலேயே ஊரறிந்த விஷயம். அதனால்தான் அப்போதே அதற்கு மாற்று செய்து விற்க ரிஸ்ஸே போன்ற கம்பெனிகள் வந்தன.

முதலில் பழையதையே திறந்து ஓ-ரிங் மாற்றிப் பார்த்தேன். சர்க்ளிப்பை எடுத்து கார்ட்ரிட்ஜை வெளியே இழுத்து, ஒவ்வொரு ஓ-ரிங்கையும் அளந்து நைட்ரைல் ரப்பரில் புதிதாக வாங்கிப் போட்டு, எண்ணெய் நிரப்பினேன். ஆறு சவாரி தாங்கியது, பிறகு மறுபடி ஒழுகல். தண்டு போய்வரும் இடத்தில் பிளாஸ்டிக்கே தேய்ந்து வட்டம் கெட்டிருந்தது, ஓ-ரிங் என்ன செய்யும். கடைசியில் அலுமினிய உடல் உள்ள, புதுப்பித்த கார்ட்ரிட்ஜ் ஒன்று 85 டாலருக்குக் கிடைத்தது. ஸ்பிரிங் கிட்டைவிட விலை அதிகம். ஆனால் மொத்த வேலையில் பலன் கொடுத்தது இதுதான். மாட்டுவதற்கு முன் காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள்: நிமிர்த்திப் பிடித்து எண்ணெய் ஊற்றி, தண்டை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழி வருவது நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். இருபது நிமிடமாவது ஆகும். எண்ணெய் 5 டபிள்யூடி என்று வாங்கினேன், ஆனால் அந்த இலக்கத்தை நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 7.5 அளவுக்குக் கனமாக இருக்கும். புட்டியின் பின்னால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருப்பார்கள், அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

அதன் பிறகு நடுத்தர ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிக்கொண்டு அதே கிரீன் மவுண்டன், அதே இறக்கம். முன்சக்கரம் கல்லில் இறங்கியது, எழுந்தது, நின்றது. அடுத்த கல்லுக்கு அது தயாராகக் காத்திருந்தது. வண்டி வேறு வண்டி. ஜாஸ்கர் ஃபிரேம் பாறை மாதிரி விறைப்பானது, பின்னால் விழும் அடி ஒவ்வொன்றும் முதுகுக்கு வரும், அதனால் முன்னால் மட்டும் இவ்வளவு மென்மையாக இருப்பது முதலில் விநோதமாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் கோல்டனில் ஏபெக்ஸ் பாதைக்கு எடுத்துப்போனேன், அங்கே பாறைப் படிகள் அதிகம். அறுபது மில்லிமீட்டர் அறுபதுதான், பெரிய படியில் அடி தட்டும், ஆனால் அந்தச் சின்ன எலாஸ்டோமர் தடுப்பு 'தொம்' என்று மென்மையாக வாங்கிக்கொள்கிறது, உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தம் இல்லை. டிசம்பரில் ஒரு காலை மைனஸ் ஐந்தில் ஓட்டினேன், கோடையில் எப்படி இறங்கியதோ அப்படியே இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையே கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏர் கார்ட்ரிட்ஜ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலத்திலேயே எங்லண்ட் டோட்டல் ஏர் என்று ஜூடிக்கு எலாஸ்டோமருக்குப் பதிலாக இறக்கும் காற்றுக் குழல்கள் வந்தன, இப்போதும் பழைய ஜோடிகள் விற்பனைக்கு வருகின்றன. ஒரு ஜோடியை வாங்கிப் பார்த்தேன். எடை உண்மையிலேயே நன்றாகக் குறைகிறது. ஆனால் சீல்கள் அத்தனை வருடப் பழசு, வெள்ளிக்கிழமை இரவு அடித்த காற்று சனிக்கிழமை காலையில் ஒரு காலில் பாதியாகிவிடும், ஒரு கால் இறுக்கம், ஒரு கால் தளர்வு. சீலை மாற்றினால் சரியாகலாம். அலமாரியில் வைத்துப் பார்க்க வாங்குபவருக்கு அது அழகான பொருள், வாரத்துக்கு இரண்டு முறை ஓட்டுபவருக்கு எஃகுதான்.

இன்னொரு ஆசை எல்லோருக்கும் வரும், இந்தப் பழசோடு மாரடிப்பதைவிட 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள 26 அங்குல ஃபோர்க் ஒன்றை மாட்டிவிட்டால் என்ன என்று. நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி ஒரு வாரம் மாட்டிப் பார்த்தேன். சக்கர அச்சிலிருந்து கிரவுன் (இரண்டு கால்களும் மேலே சேரும் இடம்) வரை உள்ள உயரம் நாலு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்பது பொதுவான கணக்கு, ஆக ஹெட் ஆங்கிள், அதாவது ஃபிரேமின் முன் குழாயின் சாய்வு, இரண்டு டிகிரிக்கு மேல் சாய்ந்தது. இன்றைய வண்டிகளில் சாய்ந்த ஆங்கிள் நல்லதுதானே என்றால், அதற்கேற்ற நீளமான ஃபிரேம், குட்டையான ஸ்டெம், அகலமான ஹேண்டில் எல்லாம் சேர்ந்துதான் அது நல்லது. ஜாஸ்கரில் ஏற்றத்தில் முன்சக்கரம் அலைந்தது, பெடல் உயரம் ஏறிவிட்டது, உட்கார்ந்தால் பின்னால் தள்ளிவிட்ட மாதிரி. போதாக்குறைக்கு அந்த நீளத்தின் நெம்புகோல் வேலை எல்லாம் ஹெட் டியூபில் போய் விழும், முப்பது வருட அலுமினியத்தில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபிரேமை எந்த நீளத்துக்கு வரைந்தார்களோ அந்த நீளத்தில் ஒரு ஃபோர்க்கை நன்றாக வேலை செய்ய வைப்பது, அதுதான் எனக்கு அப்கிரேட்.

அந்த நண்பரிடம் 1997-இல் வந்த முதல் மார்சோக்கி பாம்பர் இசட்1 இருக்கிறது, ஆரஞ்சு நிறம். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குப் பொறாமை வரும். இத்தாலிக்காரர்கள் மோட்டார்சைக்கிள் ஃபோர்க்கை அப்படியே சைக்கிளுக்குச் சின்னதாக்கியது போலச் செய்தார்கள்: உள்ளே எஃகு ஸ்பிரிங், கால் நிறைய எண்ணெய், எலாஸ்டோமரை நம்பி இல்லை. எடை ஜூடியைவிட நன்றாகவே அதிகம். ஆனால் புதுப்பிக்க என்ன வேண்டும்? ஆயில் சீல், எண்ணெய், ஒரு மாலை நேரம். அவ்வளவுதான். நீங்கள் இன்னும் ஃபோர்க் வாங்கவில்லை, ஓட்டுவதற்காகத்தான் வாங்கப் போகிறீர்கள், ஃபிரேமும் அந்த உயரத்தைத் தாங்கும் என்றால், ஜூடியை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள் என்றுதான் மனதாரச் சொல்வேன். ஜூடி ஏற்கனவே கையில் இருப்பவர்களுக்கும், மஞ்சளைப் பார்த்து மயங்கியவர்களுக்கும்தான் இந்தக் கிட்.

காசு செலவழிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். கிரவுனைச் சுற்றித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள், முக்கியமாக ஹேண்டிலோடு இணையும் ஸ்டீரர் குழாய் கிரவுனுக்குள் இறங்கும் இடத்தில். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது அந்த இடத்திலிருந்து கிரீச் என்று சத்தம் வந்தால், ஃபோர்க் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவரில் மாட்டிவிடுங்கள், ஓட்டாதீர்கள். கீழ்க்கால்கள் மெக்னீசியம், பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆர்ச் இந்தக் காலத்து ஜூடிகளில் தனியாக போல்ட் போட்டு மாட்டியது, அந்த போல்ட்கள் தளர்ந்திருந்தால் கால்கள் இரண்டும் தனித்தனியாக முறுக்கும். கீழ்க்காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பரவாயில்லை. கடகடவென்றால் புஷ் போய்விட்டது, அதை மாற்றத் தனிக் கருவி வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு ஃபோர்க்கே வாங்கிவிடலாம்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சம் பார்க்க வேண்டாம். அப்போது ராக்‌ஷாக்ஸே ஜூடி பட்டர் என்று ஒன்றை விற்றது, பெயரே எனக்குப் பிடிக்கும். இப்போது நான் போடுவது ஸ்லிக் ஹனி. வீல் பேரிங்குக்குப் போடும் கனமான கிரீஸைத் திணித்தால் குளிரில் அது இறுகி, எஃகு ஸ்பிரிங் போட்டு வாங்கிய நன்மையை எல்லாம் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். மேலே இருக்கும் ரப்பர் சுருக்கு உறைகள் என்னுடையதில் வெடித்துப்போயிருந்தன. அவை வெறும் அலங்காரம் என்று வெட்டி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு, இந்த ஊர்ப் புழுதிக்கு அது சரிப்படாது. பஃபலோ கிரீக் பக்கம் தரையே பொடிந்த கிரானைட் மணல், ஒரு சவாரியில் வைப்பர் சீலின் விளிம்பில் மணல் வரிசையாக உட்கார்ந்துவிடும், அது உள்ளே போனால் மேல் குழாயை அரம் மாதிரி அறுக்கும். புது உறை ஜோடி பதினைந்து டாலர்தான், போட்டுவிடுங்கள்.

கடைக்காரரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல முடியும். கடின ஸ்பிரிங் ஜோடியைத் திருப்பி அனுப்பினேன், தபால் கூலி போக மீதியைக் கொடுத்துவிட்டார். என் ஃபோர்க்கின் வருடத்தைக் கண்டுபிடிக்கப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மேல் மூடியைப் பார்த்தே சரியான நீளத்து ஸ்பிரிங்கை அனுப்பினார். ஜூடியில் வருடத்துக்கு வருடம் உள்ளே மாறியிருப்பதால் இது சின்ன விஷயமில்லை. பெட்டிக்குள் வந்த குறிப்புத் தாள் மட்டும்தான் குறை, மங்கலாக நகலெடுத்த ஒரே பக்கம், படம் எல்லாம் கறுப்புத் திட்டு. ஸ்பிரிங், கார்ட்ரிட்ஜ், அலுமினிய மூடி, உறை, எண்ணெய், கிரீஸ் என்று எல்லாம் சேர்த்து எனக்கு 220 டாலருக்குக் கொஞ்சம் கீழே வந்தது, ஃபோர்க் வாங்கிய விலை தனி. தோற்றுப்போன ஏர் குழல்களை இதில் சேர்க்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: கிரவுனைப் பார், கீழ்க்கால்களைக் கழற்றி இடது தண்டை இழுத்துப் பார், கார்ட்ரிட்ஜுக்கு வழி பண்ணு, அதற்கப்புறம் ஸ்பிரிங். என் அமைப்பு வேண்டுமென்றால்: 74 கிலோவுக்கு நடுத்தர ஸ்பிரிங், மேல் திருகு முழுக்கத் தளர்த்தியதிலிருந்து இரண்டு சுற்று உள்ளே, சேக் (ஏறி உட்கார்ந்ததும் இறங்கும் அளவு) 12 மில்லிமீட்டர், புஷ்களுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ், கார்ட்ரிட்ஜ் எண்ணெய் வருடத்துக்கு ஒருமுறை. போன வாரம்தான் இரண்டாவது முறையாக எண்ணெய் மாற்றினேன். வெளியே வந்தது கொஞ்சம் சாம்பல் நிறம், ஆனால் அளந்து பார்த்தால் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.